அட்டை எந்தக் கட்டத்தில் நிற்கிறது?

வாசகர் கேள்வி:

திருப்பூரில் ஓர் அங்கன்வாடி மையத்தில் பணியாளராக இருக்கிறேன். பனியன் கம்பெனிக்குப் போகிறவர்கள் லைன் வீடுகளில் நெருக்கமாகக் குடியிருக்கும் பகுதி. உள்ளூர்க்காரர்கள் பாதி, தென்மாவட்டத்துக்காரர்களும் வடமாநிலத்தவரும் பாதி. என் பதிவேட்டில் உள்ள பிள்ளைகளில் 14 பேருக்கு ஏதாவது ஒரு தடுப்பூசி பாக்கி. நர்ஸம்மாவும் நானும் விழிப்புணர்வுக் கூட்டம் போட்டோம். வந்தவர்கள் எல்லாம் ஏற்கனவே ஊசி போட்ட வீட்டுக்காரர்கள். வராத வீடுகளுக்குப் போனால் "அடுத்த வாரம் வர்றோம்" என்கிறார்கள். படித்த சிலர் வாட்ஸப்பில் வந்ததைக் காட்டி வாதாடுகிறார்கள். ஒரு வீட்டில், போன ஊசிக்குப் பிறகு பிள்ளைக்கு வலிப்பு வந்துவிட்டதென்று எங்களைக் கண்டாலே கதவைச் சாத்துகிறார்கள். ஊசி போட்டால்தான் சத்துமாவு என்று சொல்லிவிடச் சொல்கிறார் உடன் வேலை செய்பவர். இந்த அறியாமையை எப்படிப் போக்குவது?

பதில்:

அன்புள்ள டீச்சர்,

சத்துமாவுக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அதைச் செய்யாதீர்கள். ஊசி விட்டுப்போன பிள்ளைதான் பல நேரம் எடை குறைந்த பிள்ளையாகவும் இருக்கும். தட்டம்மை வந்தால் அதிக ஆபத்தும் அந்தப் பிள்ளைக்குத்தான். மாவை நிறுத்தினால் அந்தத் தாய் ஊசிக்கு வரமாட்டார், மையத்துக்கு வருவதை நிறுத்திவிடுவார். அந்த வீட்டோடு நமக்கு இருக்கும் ஒரே தொடர்பும் அறுந்துபோகும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவியின் தவணைகளில் ஒரு பகுதி குழந்தையின் தடுப்பூசியோடு சேர்த்துத்தான் தரப்படுகிறது என்று உங்கள் தோழி சொல்லக்கூடும். போட்டவருக்குக் கூடுதலாக ஒன்று கொடுப்பது வேறு, பசித்த பிள்ளையின் கிண்ணத்தைப் பிடித்து வைத்துக்கொள்வது வேறு.

அடுத்து, "அறியாமை" என்று எழுதியிருக்கிறீர்கள். அதை நான் ஏற்கவில்லை. காரணம் சொல்கிறேன்.

தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், ஒரு வயது முடிந்து இரண்டு வயதுக்குள் இருக்கும் குழந்தைகளில் எத்தனை பேருக்கு பிசிஜி என்கிற காசநோய்த் தடுப்பூசி, தட்டம்மை ஊசி, மூன்று தவணை போலியோ, மூன்று தவணை முத்தடுப்பு (மூன்று நோய்களுக்கான ஒரே ஊசி) அல்லது பென்டா (ஐந்து நோய்களுக்கான ஒரே ஊசி) எல்லாம் போட்டு முடிந்தன என்று பார்ப்பார்கள். தமிழ்நாட்டில் 2005-06இல் அது 81 சதவீதம். 2015-16இல் ஏறத்தாழ 70 சதவீதம். 2019-21இல் 89 சதவீதம். முதல் இரண்டு கணக்குக்கும் நடுவில் இருந்த பத்தாண்டில் தாய்மார்களின் படிப்பு ஏறியது, ஆஸ்பத்திரிப் பிரசவம் ஏறியது, ரோடு வந்தது, செல்போன் வந்தது. ஊசி மட்டும் இறங்கியது. அறியாமைதான் காரணமென்றால் கணக்கு நேர்மாறாக அல்லவா இருந்திருக்க வேண்டும்?

இடையில் நடந்தது ஒன்று உண்டு. 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்டுக்கொண்டதை அடுத்து நான்கு குழந்தைகள் இறந்தன. மாநிலமே அதிர்ந்தது. அதன்பின் ஊருக்குள் நடந்துவந்த ஊசி முகாம்கள் நிறுத்தப்பட்டு, மருத்துவர் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு அந்த வேலை மாற்றப்பட்டது. பாதுகாப்புக்காக எடுத்த முடிவு, அதில் நியாயமும் இருந்தது. ஆனால் பக்கத்துத் தெருவில் கிடைத்துவந்த ஊசிக்குப் பச்சைப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏற வேண்டியதாகிவிட்டது. பயம் ஒரு பக்கம், தூரம் ஒரு பக்கம். சரிவு முழுவதற்கும் அது ஒன்றே காரணம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் படித்த, விவரமறிந்த ஒரு சமூகத்தில்கூட நம்பிக்கையும் தூரமும் சேர்ந்து இடறினால் ஊசி குறையும் என்பதற்கு இதைவிடப் பக்கத்தில் உதாரணம் தேட வேண்டியதில்லை.

சமோவா என்கிற பசிபிக் தீவு நாட்டில் இது இன்னும் கொடூரமாக நடந்தது. 2018 ஜூலையில் அங்கே இரண்டு குழந்தைகள் இறந்தன. தடுப்பு மருந்துத் தூளைக் கலக்க வேண்டிய தண்ணீருக்குப் பதிலாகத் தசையைத் தளர்த்தும் மயக்க மருந்து ஒன்றைச் செவிலியர்கள் தவறுதலாகக் கலந்திருந்தார்கள். மருந்தில் குற்றமில்லை, கலந்த கையில் குற்றம். ஆனால் அரசு தட்டம்மை ஊசியை மாதக்கணக்கில் நிறுத்தியது, தாய்மார்கள் நம்பிக்கை இழந்தார்கள். மூன்றில் ஒரு பங்கு குழந்தைகளுக்கே ஊசி என்கிற நிலைக்கு அந்த நாடு இறங்கியது. 2019இல் தட்டம்மை வந்தது. சுமார் 2 லட்சம் பேர் மட்டுமே வாழும் அந்த நாட்டில் 83 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள். பிறகு அந்த டிசம்பரில் அரசு இரண்டு நாள் நாட்டையே மூடி, ஊசி போடாதவர் இருக்கும் வீட்டு வாசலில் சிவப்புத் துணி கட்டச் சொல்லி, செவிலியர் குழுவை வீடு வீடாக அனுப்பியது. துணி கட்டினார்கள், ஊசியும் போட்டுக்கொண்டார்கள். முந்தைய வருடம் ஊசிக்கு வராத அதே மக்கள்தான்.

ஆகவே உங்கள் 14 வீடுகளையும் ஒரே காரணத்தில் அடைக்காதீர்கள். கூட்டமும் நோட்டீசும் ஒரே காரணத்துக்கான மருந்து. அந்த வீடுகளில் இருப்பது ஐந்தாறு வெவ்வேறு காரணம். அதைக் கண்டுபிடிக்கும் வழி உங்கள் கையிலேயே இருக்கிறது. தாய் சேய் நல அட்டையை வாங்கி, எந்தக் கட்டத்தோடு நின்றிருக்கிறது என்று பாருங்கள். நின்ற இடமே பெரும்பாலும் காரணத்தைச் சொல்லிவிடும்.

பிறந்தவுடன் போடும் பிசிஜி, போலியோ சொட்டு, மஞ்சள் காமாலை ஊசி மூன்றும் இருந்து, அதற்குப் பிறகு கட்டங்கள் எல்லாம் காலியாக இருந்தால் அநேகமாக அது தாய்வீட்டுப் பிரசவம். மதுரையிலோ பீகாரிலோ பெற்று, மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ திருப்பூர் வந்திருப்பார்கள். அந்த ஊர் நர்ஸம்மா "இங்கே இல்லை, கணவர் ஊருக்குப் போய்விட்டாள்" என்று பேரை அடித்திருப்பார். இந்த ஊர் நர்ஸம்மாவுக்கு அப்படி ஒரு பிள்ளை வந்ததே தெரிந்திருக்காது. யாரும் மறுக்கவில்லை. இரண்டு பதிவேட்டுக்கும் நடுவில் பிள்ளை விழுந்துவிட்டது. லைன் வீட்டுக்குப் புதுக் குடித்தனம் வந்த அன்றைக்கே உங்களுக்குத் தகவல் வரும்படி வீட்டுக்கார அம்மாவிடமோ வாடகை வசூலிப்பவரிடமோ சொல்லி வையுங்கள். இதற்கு எந்தக் கூட்டமும் தேவையில்லை.

வடமாநிலத்துப் பெண்களிடம் "டீக்கா கார்டு" என்று கேளுங்கள், எடுத்துத் தருவார்கள். அட்டை ஊரிலேயே இருந்துவிட்டதென்றால், அங்கிருக்கும் மாமியாரை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லலாம். இடது தோளில் பிசிஜி தழும்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். எதற்குமே ஆதாரம் கிடைக்காவிட்டால் போடவில்லை என்றே வைத்துக்கொண்டு நர்ஸம்மாவிடம் அனுப்புங்கள். போட்ட ஊசியே ஒன்று கூடிப்போனால் கெடுதல் இல்லை.

இனி மிக முக்கியமான கட்டத்துக்கு வருகிறேன். ஒன்றரை மாதத்தில் முதல் பென்டா இருக்கிறது, இரண்டாவது இல்லை. இப்படி நின்ற அட்டையைப் பார்த்தால் அந்த ராத்திரியை நினைத்துக்கொள்ளுங்கள். நாலு கிலோ எடையில் ஒரு பச்சைமண், தொடையில் ஊசி, சாயங்காலம் காய்ச்சல். தொடை கட்டியாக வீங்கி, தொட்டால் அலறுகிறது. பிள்ளைபெற்ற உடம்புக்காரி விடிய விடியத் தோளில் போட்டு நடக்கிறாள். "நல்லா இருந்த பிள்ளையைக் கொண்டுபோய்ச் சீக்காக்கிட்டு வந்துட்டியே" என்று மாமியார் சொல்கிறார். காலையில் கணவர் தூக்கமில்லாமல் வேலைக்குப் போகிறார். அடுத்த மாதம் ஊசி நாள் வரும்போது அந்த வீட்டில் யார் வாய் திறப்பார்கள்?

பென்டாவில் கக்குவான் இருமலுக்கான பகுதி, கொல்லப்பட்ட முழுக் கிருமியால் ஆனது. காய்ச்சல் வருவது அதனால்தான். ஏறத்தாழ பாதிக் குழந்தைகளுக்கு வரும், ஓரிரு நாளில் இறங்கிவிடும். இதை முன்கூட்டியே கேள்விப்பட்ட தாய் காய்ச்சலைக் கண்டு மிரளமாட்டாள். கேள்விப்படாத தாய்க்கு அது நாம் செய்த கெடுதலாகவே தெரியும். ஊசி போடும்போது நான்கு விஷயம் சொல்லியே அனுப்ப வேண்டும் என்று நம் செவிலியர்களுக்குப் பயிற்சியில் கற்றுத் தருகிறார்கள்: ஒன்று, என்ன ஊசி, எதற்காக; இரண்டு, என்ன தொந்தரவு வரலாம், வந்தால் என்ன செய்வது; மூன்று, அடுத்து எப்போது வர வேண்டும்; நான்கு, அட்டையைப் பத்திரமாக வையுங்கள். புதன்கிழமை நெரிசலில் மூன்றாவது மட்டும்தான் பல இடங்களில் காதில் விழுகிறது. இரண்டாவதைச் சொல்லாமல் அனுப்புவது, என் கணிப்பில், வாட்ஸப் வதந்திகள் எல்லாம் சேர்ந்து செய்ததைவிட அதிகக் குழந்தைகளை நம்மிடமிருந்து விலக்கியிருக்கிறது.

இங்கே நர்ஸம்மாவைவிட நீங்கள் அதிகம் செய்ய முடியும். முதல் பென்டா போட்ட அன்று சாயங்காலம் அந்த வீட்டு வாசலில் போய் நின்று "காய்ச்சல் அடிக்குதா? மருந்து எவ்வளவு கொடுத்தீங்க?" என்று கேளுங்கள். நர்ஸம்மா எழுதிக்கொடுத்த அளவில்தான் பாராசிட்டமால் தருகிறார்களா, ஊசி போட்ட இடத்தைத் தேய்த்துவிடாமல், எண்ணெயோ மருந்தோ பூசாமல் இருக்கிறார்களா, தாய்ப்பால் அடிக்கடி கொடுக்கிறார்களா என்று பாருங்கள். மாமியாரிடமும் இரண்டு வார்த்தை பேசுங்கள். முடிந்தால் அவரிடமே முதலில் பேசுங்கள். பேரனை வளர்த்துவிடப்போகிறவர் அவர். கூட்டங்களுக்கு நாம் இளம் தாய்மார்களை மட்டுமே கூப்பிடுகிறோம், முடிவெடுக்கிறவர் வீட்டில் உட்கார்ந்திருக்கிறார்.

"தனியார்ல வலியில்லா ஊசி போடுறாங்களாமே, கவர்மென்ட் ஊசி மட்டமா?" என்று கேட்பார்கள். மட்டமில்லை. தனியார் ஊசியில் கக்குவான் கிருமியின் சில பகுதிகள் மட்டும் இருப்பதால் காய்ச்சல் குறைவு, விலை அதிகம், பாதுகாப்பு சற்று சீக்கிரம் தேய்கிறது. காசு இருப்பவர் போட்டுக்கொள்ளட்டும். அதற்குக் காசு சேரட்டும் என்று குழந்தையை ஊசியில்லாமல் காக்க வைப்பதுதான் தவறு.

ஒன்பது மாத தட்டம்மை-ருபெல்லா ஊசி வரை போட்டு, ஒன்றரை வயது ஊசி விட்டுப்போயிருந்தால் காரணம் வேறு. "எல்லா ஊசியும் முடிஞ்சுது" என்றே அந்த வீட்டில் நம்புவார்கள். தாய் மறுபடி கம்பெனிக்குப் போக ஆரம்பித்திருப்பார். ஒன்பது மாதத்தில் போட்ட ஒரு ஊசி நூற்றில் 85 குழந்தைகளுக்குத்தான் காப்பு தரும், மீதிப் பேருக்காகத்தான் இரண்டாவது என்று சொன்னால் புரிந்துகொள்வார்கள். தட்டம்மை சாதாரண வேகத்தில் பரவும் நோய் இல்லை. எதிர்ப்புச் சக்தி இல்லாத கூட்டத்தில் ஒரு நோயாளி 12 முதல் 18 பேருக்குக் கொடுப்பார். நூற்றில் 95 பேருக்கு ஊசி இருந்தால்தான் அது தெருவுக்குள் நுழையாது. ஒரே குழாயடி, ஒரே வாசல் உள்ள லைன் வீட்டில் ஒரு பிள்ளைக்கு வந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அம்மை வந்தால் வேப்பிலை கட்டி, யாருக்கும் சொல்லாமல் வீட்டோடு வைத்துக்கொள்ளும் வழக்கம் இருப்பதால் முதல் இரண்டு மூன்று பிள்ளைகளுக்கு வந்தது நமக்குத் தெரியவே தெரியாது. வேப்பிலை கட்டட்டும், மாரியாத்தாளுக்குக் கூழ் ஊற்றட்டும். கூடவே நர்ஸம்மாவுக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிடச் சொல்லுங்கள்.

வேலைக்குப் போகும் தாய்க்கு "அடுத்த வாரம்" என்பது சாக்கு இல்லை. ஊசி புதன்கிழமை, சம்பளம் சனிக்கிழமை. புதன் காலை லீவு போட்டால் சனிக்கிழமை கவரில் அது தெரியும். ஷிப்டை விட்டால் ஆர்டர் அவசரத்தில் அடுத்த நாள் வேலையே வேறொருவருக்குப் போய்விடலாம். இதற்கு விழிப்புணர்வால் ஒன்றும் செய்ய முடியாது. உங்கள் பகுதி நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தின் மருத்துவ அலுவலரிடம், உங்கள் மேற்பார்வையாளர் மூலமாக, விட்டுப்போன பிள்ளைகளின் பெயர்ப்பட்டியலோடு ஒரு கடிதம் கொடுங்கள். மாதத்தில் ஒரு ஞாயிறு, உங்கள் மையத்திலேயே, மருத்துவர் மேற்பார்வையில் ஊசி போட வழி உண்டா என்று கேளுங்கள். 2014இல் தொடங்கிய இந்திரதனுஷ் திட்டமே விட்டுப்போன குழந்தைகளைத் தேடிப் போய்ப் போடுவதற்காக வந்ததுதான். வெறும் கோரிக்கையைவிடப் பெயரும் வயதும் பாக்கி ஊசியும் உள்ள பட்டியலை மறுப்பது கடினம்.

அந்தப் பட்டியலைப் போடும்போது இன்னொன்றையும் கேட்டு எழுதுங்கள்: "நீங்கள் ஊசிக்குப் போய்த் திரும்பி வந்தது உண்டா?" பதில்கள் நமக்குச் சங்கடமாக இருக்கும். சளி இருக்கிறது என்று திருப்பி அனுப்பியிருப்பார்கள். சாதாரணச் சளி, லேசான காய்ச்சல், எடைக் குறைவு எதுவும் ஊசிக்குத் தடை இல்லை. எடை குறைந்த பிள்ளைக்குத்தான் முதலில் போட வேண்டும். அல்லது "இன்னும் நாலு பிள்ளை வரட்டும், பாட்டில் உடைக்கணும்" என்று காக்க வைத்திருப்பார்கள். தட்டம்மை-ருபெல்லா, பிசிஜி மருந்துகளைக் கலந்தால் நாலு மணி நேரத்தில் பயன்படுத்தியாக வேண்டும், மீதி வீண். அந்தக் கவலை நியாயம்தான். ஆனால் ஒரே ஒரு பிள்ளை வந்தாலும் குப்பியைத் திறந்து போட வேண்டும் என்பதுதான் விதி. அரை நாள் சம்பளத்தை விட்டுவிட்டு வந்த தாயை வெறுங்கையோடு அனுப்பினால் அவர் மறுபடி வரமாட்டார். இப்படித் திரும்பிப்போனவரை மறுப்பவர் கணக்கில் எழுதுவது அநியாயம்.

இவர்களுக்கெல்லாம் நீங்கள் சொல்ல வேண்டிய நல்ல செய்தி ஒன்று உண்டு. எத்தனை மாதம் தள்ளிப்போனாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். தட்டம்மை-ருபெல்லாவை ஐந்து வயது வரையும், முத்தடுப்பை ஏழு வயது வரையும் போடலாம். பென்டாவை ஒரு வயதுக்குள் தொடங்கியிருந்தால் அதற்குப் பிறகும் மீதித் தவணைகளை முடிக்கலாம். "லேட்டாயிருச்சு, திட்டுவாங்க" என்று பயந்து வராமல் இருப்பவர்கள் நிறைய. அவர்களைத் திட்டாமல் இருக்க நர்ஸம்மாவிடமும் சொல்லுங்கள்.

பிறகுதான் வாட்ஸப் காட்டுபவர்கள். உங்கள் 14இல் இவர்கள் சிலராகத்தான் இருப்பார்கள், சத்தம் மட்டும் அதிகம். 2017 பிப்ரவரியில் 9 மாதம் முதல் 15 வயது வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் தட்டம்மை-ருபெல்லா ஊசி இயக்கம் நடந்ததே, நினைவிருக்கும். தமிழ்நாட்டில் மட்டும் ஒன்றே முக்கால் கோடிப் பிள்ளைகள். குரல்பதிவுகள் செல்போன் செல்போனாகப் பரவி, பள்ளி வாசலில் பெற்றோர் சண்டைக்கு நின்றார்கள், இயக்கத்தை மார்ச்சுக்கும் நீட்டிக்க வேண்டிவந்தது. "ஏற்கனவே போட்ட பிள்ளைக்கு ஏன் மறுபடி?" என்று அந்தப் பெற்றோர் கேட்டது நல்ல கேள்வி. அதற்கான பதிலை நாம் வதந்திக்கு முன்பே எல்லா வீட்டுக்கும் கொண்டுபோகவில்லை. வதந்தி எப்போதும் பதில் கிடைக்காத கேள்விக்குள்தான் குடியேறுகிறது.

ஆகவே வாதாடாதீர்கள், கேளுங்கள். "எது உங்களுக்குப் பயமாக இருக்கிறது?" என்ற ஒரு கேள்வி போதும். ஆட்டிசம் என்று சொன்னால், அந்தச் செய்தி 1998இல் லண்டனில் ஒரு மருத்துவ இதழில் 12 குழந்தைகளை வைத்து எழுதிய கட்டுரையிலிருந்து வந்தது, 2010இல் அந்த இதழே அதைத் திரும்பப் பெற்றது, எழுதியவரின் மருத்துவர் பதிவும் அதே ஆண்டு ரத்தானது என்று சொல்லுங்கள். டென்மார்க்கில் ஆறரை லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பல ஆண்டு தொடர்ந்து பார்த்து, 2019இல் தொடர்பே இல்லை என்று உறுதிப்படுத்தினார்கள். "ஊசியால் ஆபத்தே இல்லையா?" என்று கேட்டால் இல்லை என்று சொல்லாதீர்கள். கடும் ஒவ்வாமை பத்து லட்சம் தவணைக்கு ஒன்று என்ற அளவில் வரும். அதைக் கவனிக்கத்தான் அரைமணி நேரம் உட்கார வைக்கிறோம், அதற்கான மருந்தும் அங்கேயே இருக்கிறது. உண்மையைச் சொல்கிறவரை மக்கள் இரண்டாவது முறையும் கேட்பார்கள். இயற்கை வாழ்வு, மத நம்பிக்கை என்று உறுதியாக மறுப்பவர் ஒருவரோ இருவரோ இருந்தால் அவர்களிடம் உறவை மட்டும் கெடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் நேரம் முதலில் மற்றப் பன்னிரண்டு வீடுகளுக்குப் போகட்டும்.

கடைசியாக, கதவைச் சாத்தும் அந்த வீடு. அவர்களை மறுப்பவர்கள் என்று பதிவேட்டில் எழுதியிருந்தால் அடித்துவிடுங்கள். தங்கள் பிள்ளை வெட்டி வெட்டி இழுத்ததைக் கண்ணால் பார்த்தவர்கள் அவர்கள். அங்கே ஊசி பற்றி நீங்கள் இனி பேச வேண்டாம், பிள்ளை எப்படி இருக்கிறது என்று மட்டும் கேளுங்கள். காய்ச்சலோடு வந்து உடனே சரியான வலிப்பாக இருந்தால் அது மற்ற ஊசிகளுக்குத் தடை இல்லை. ஊசி போட்ட ஏழு நாளுக்குள் நீண்ட வலிப்போ நினைவு தப்புதலோ ஏற்பட்டு, மூளை பாதிப்பு என்று மருத்துவர் கண்டிருந்தால், கக்குவான் பகுதி உள்ள ஊசியை அந்தப் பிள்ளைக்கு மறுபடி போடக்கூடாது, மற்றவற்றைப் போடலாம். இரண்டில் எது என்று முடிவு செய்வது நீங்களோ நானோ இல்லை, பிள்ளையை நேரில் பார்க்கும் குழந்தை மருத்துவர். அன்றைக்கு எந்த ஆஸ்பத்திரியில் காட்டினார்கள், சீட்டு இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். இப்படி நடந்தது அப்போதே பதிவானதா என்று நர்ஸம்மாவிடம் விசாரியுங்கள், இல்லையென்றால் மருத்துவ அலுவலருக்கு இப்போதாவது தெரியப்படுத்துங்கள். பிறகு சீட்டையும் அட்டையையும் எடுத்துக்கொண்டு, நீங்களும் கூடப் போய், திருப்பூர் அரசு மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவில் காட்டுங்கள். அவர்கள் வர மறுத்தால், சீட்டை மட்டுமாவது வாங்கிப் போய் மருத்துவரிடம் கேட்டு, அவர் சொன்னதை அப்படியே அந்த வீட்டில் போய்ச் சொல்லுங்கள்.